டர்னர் ஓய்வு பெறும்போது

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எண்பதுகளின் கடைசியில், கையால் இயக்கும் சாதா லேத் (கடைசல் இயந்திரம்) பிடித்துப் பழகிய டர்னர்கள் இப்போது வரிசையாக ஓய்வு பெறுகிறார்கள். "பெரிசுகளுக்கு சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) வராது" என்று ஷாப்பில் இளசுகள் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. சத்தத்தை வைத்தே இன்சர்ட் (வெட்டும் முனை) மழுங்கியதைச் சொல்கிறவருக்குத் திரை ஒரு பொருட்டில்லை. காலை வாருவது பழைய கைப்பழக்கம்.

கடைந்த பீஸின் வெளிவிட்டம் 0.02 மி.மீ. கூடுதலாக வருகிறது என்று வையுங்கள். வெட்டு ஆழத்தைக் காட்டும் டயல் உள்ள சாதா லேத்தில் 0.01 திருப்பினால் போதும், விட்டத்தில் 0.02 குறையும். சிஎன்சி லேத்தில் எக்ஸ் அச்சு பொதுவாக விட்டக் கணக்கு. வேர் ஆஃப்செட்டில், அதாவது டூல் தேய்மானத்துக்கான திருத்த மதிப்பில், முழு மைனஸ் 0.02 கொடுக்க வேண்டும். பழைய கை தன்னையறியாமல் பாதியாக்கிவிடும். பீஸ் இன்னும் 0.01 தடிமனாகவே வரும். இன்னொன்று, இருக்கும் மதிப்போடு கூட்டாமல் அதன்மேலேயே புது எண்ணை எழுதிவிட்டால், அதுவரை செய்த திருத்தமெல்லாம் போச்சு. இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஷிஃப்ட் போதும்.

பிஎஃப் பென்ஷன் அப்படியில்லை. கேன்டீனில் போடும் கணக்கு இது: பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 15,000 பெருக்கல் சேவை வருடம், வகுத்தல் 70. இருபது வருடம் தாண்டியவருக்கு இரண்டு வருடம் போனஸ். 1995 நவம்பரில் இந்த பென்ஷன் திட்டத்தில் சேர்ந்து 30 வருடம் முடித்தவர் மாதம் 6,857 ரூபாய் வரும் என்று நம்புகிறார். ஆனால் 2014 ஆகஸ்ட் வரையிலான சேவைக்கு உச்சவரம்பு 6,500தான். 15,000 அதற்குப் பிறகுதான். வரம்புக்குள் கட்டியவருக்கு இரண்டையும் பிரித்துப் போட்டால் ஐயாயிரத்தைத் தொடாது. ஆர்டர் குறைந்த சமயத்தில் 50 வயதிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும், அதுவும் ஆயுள் முழுக்க.

பெரிய முடிச்சு பெயரில்தான். கம்பெனி ஏட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாங்கில் வேறொரு விதம். பிறந்த தேதியோ பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது. திருத்த, கூட்டு விண்ணப்பத்தில் முதலாளியின் ஒப்புதலும் வேண்டும். முதலில் வேலை பார்த்த சின்னப் பட்டறை மூடிப்போயிருந்தால் அலைச்சல்தான். அதனால் 55 வயதிலேயே பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, பழைய கணக்கெல்லாம் ஒரே யுஏஎன்னுக்குள் (உறுப்பினரின் பொது பிஎஃப் எண்) வந்துவிட்டதா, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பத்து வருடம் முடியும் முன்னே பென்ஷன் பணத்தை எடுத்திருந்தால் அந்தச் சேவை கணக்கில் வராது, அதற்கு மருந்தில்லை.

ஓய்வுக்குப் பிறகு வருடா வருடம் உயிர்வாழ் சான்று. கூலன்ட்டிலும் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்பு திரவம்) பிசிறிலும் தேய்ந்த விரலின் ரேகை கருவியில் சரியாக விழாது. திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை. கருவிழி அல்லது முகப் பதிவுக்கு மாறிவிடலாம். முகப் பதிவு 2021 நவம்பரில் வந்தது. ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி என இரண்டு செயலிகளும் வேண்டும். போன் மகனுடையதாக இருந்தாலும் சரி. முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டினால் முடிந்தது. பிபிஓ எண்ணில் (பென்ஷன் ஆணை எண்) ஓர் இலக்கம் தவறினால் சான்று போய்ச் சேராது. பிஎஃப் பென்ஷனுக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

ஊத்தங்கரைக்கோ அரூருக்கோ சொந்த ஊர் திரும்புகிறவர்கள் கம்பெனி கொடுத்த சிம்மைக் கடைசி நாளில் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆதாரும் பாங்கும் அந்த எண்ணில் இருந்தால் ஓடிபி இனி வராது. எண்ணை மாற்றிவிட்டுத்தான் சிம்மைக் கொடுக்க வேண்டும்.