விதிவிலக்கு என்று ஒரு பாடம்

பிப்ரவரி 3

செவிலியர் மாணவிகளுக்கு நெறிமுறை வகுப்பில் அடுத்து கருக்கலைப்பு வருகிறது. வன்புணர்வால் உண்டான கருவைப் பற்றி என் பழைய குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: பல நாடுகளின் சட்டம் இதை விதிவிலக்காக அனுமதிக்கிறது. எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிற வரி.

எனக்கு அங்கேதான் நிற்கத் தோன்றுகிறது. கருக்கலைப்பே கூடாது என்பவர்களில்கூட நிறையப் பேர் "வன்புணர்வு என்றால் சரி, அது வேறு" என்கிறார்கள். எது வேறு? கரு உண்டான விதத்தால் கரு மாறிவிடுவதில்லை. ஸ்கேனில் இரண்டும் ஒன்றுதான். அப்படியென்றால் அந்தச் "சரி" கருவைப் பார்த்துச் சொன்னது இல்லை, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னது. அவளிடம் எதைப் பார்த்து என்பதுதான் கேள்வி. அவள் பட்ட துன்பத்தையா, அவளுடைய சம்மதத்தையா? இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும், அதிலிருந்து கிளம்பும் சட்டங்கள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. எனக்கு இதுவரை பிடிபட்டது இவ்வளவுதான்.

பிப்ரவரி 5

உடற்கூறியல் எடுக்கும் அக்காவிடம் பேசினேன். எனக்கு மூத்தவர், பக்தி உள்ளவர், நோயாளிகளிடம் அவர் காட்டும் பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நான் முடிப்பதற்குள் கேட்டார்: "தப்பு செய்தவனுக்கு ஜெயில், ஒரு தப்பும் செய்யாத சிசுவுக்கு மரண தண்டனையா? அது என்னம்மா பாவம் செய்தது?"

இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. கரு முதல் நாளிலிருந்தே முழு மனிதர் என்று நம்பினால், அக்கா சொல்வதுபோல விதிவிலக்கே இல்லாமல் இருப்பதுதான் ஒழுங்கான நிலை. அப்படி நம்பிக்கொண்டே வன்புணர்வுக்கு மட்டும் வழிவிடுகிறவர்கள்தான் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். "பாவம், அவள் என்ன செய்வாள்" என்பது பதில் ஆகாது. ஒருவர் மேல் பாவப்பட்டு இன்னொருவரைக் கொல்லலாம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் பதில் வேறு. இங்கே யாரும் கருவுக்குத் தண்டனை கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் உடலை, அவள் ஒப்புக்கொள்ளாமல், ஒன்பது மாதம் இன்னோர் உயிருக்குக் கொடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. 1971-ல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் இதற்காகவே ஒரு கற்பனை நிலைமையைச் சொன்னார். கண் விழித்துப் பார்த்தால் உங்களைக் கடத்தி வந்திருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்த புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவரோடு உங்களைக் குழாய்களால் இணைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் அப்படியே கிடந்தால் அவர் பிழைப்பார், எழுந்து போனால் செத்துவிடுவார். அவர் முழு மனிதர்தான், குற்றமற்றவர்தான். அதனாலேயே நீங்கள் கட்டாயம் கிடந்தாக வேண்டுமா?

கருவை மனிதர் என்றே வைத்துக்கொண்டு வாதாடுவதுதான் இதன் பலம். காதல், கல்யாணம் என்று இருக்கும் சூழலுக்கு இது பொருந்தாது என்று இதை மறுப்பவர்கள் உண்டு. வன்புணர்வுக்குப் பொருந்தாது என்று சொல்வதுதான் கஷ்டம். கடத்தல் அங்கே கற்பனை இல்லை.

அக்கா விடவில்லை. "வயலின்காரர் யாரோ. இது அவள் பிள்ளை."

"அவள் பிள்ளை என்று ஆக்கியது யார் அக்கா? அவன்தானே? உறவைக்கூட அவன்தான் முடிவு செய்ய வேண்டுமா?"

"நீ ஒப்புக்கொள்ளாவிட்டாலும் ரத்தம் ரத்தம்தான்," என்றார். மணி அடித்துவிட்டது.

பிப்ரவரி 8

லண்டன், 1938. படைவீரர்கள் சிலர் ஒரு பதினான்கு வயதுச் சிறுமியை வன்புணர்ந்தார்கள். அவள் கருவுற்றாள். கருக்கலைப்பு அன்று அங்கே குற்றம். அலெக் போர்ன் என்ற மகப்பேறு மருத்துவர் கட்டணம் வாங்காமல் அறுவை சிகிச்சை செய்துவிட்டு, காவல்துறைக்குத் தானே தகவல் கொடுத்தார். சட்டத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கர்ப்பம் தொடர்ந்தால் அந்தப் பெண் உடலாலோ மனதாலோ சிதைந்துபோவாள் என்று மருத்துவர் நேர்மையாகக் கருதினால், அது உயிரைக் காப்பாற்றச் செய்த காரியம்தான் என்று நீதிபதி ஜூரிகளுக்கு விளக்கினார். போர்ன் விடுதலையானார். பிரிட்டனில் 1967 சட்டம் வரும்வரை மருத்துவர்கள் சாய்ந்துகொள்ள இருந்தது இந்தத் தீர்ப்புதான்.

பாடத்தில் போர்ன் ஒரு வீரர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன், சொல்லவும் வேண்டும்: வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்தவர் அவர். ஆனால் வழக்கு விவரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சிகிச்சைக்கு முன் அந்தச் சிறுமியைச் சில நாள் படுக்கையில் வைத்து அவர் கவனித்தார், எப்படிப்பட்ட பெண் என்று தெரிந்துகொள்வதற்காக. நடத்தை கெட்டவளாகவோ அறிவு மந்தமானவளாகவோ இருந்தால் அவளுக்கு இது பெரிய பாதிப்பாக இருக்காது என்பது அவர் நினைப்பு. பரிசோதனைக்காகத் தொட்டபோது அவள் உடைந்து அழுதாள். அதற்குப் பிறகுதான் முடிவெடுத்தார்.

அழாமல் இருந்திருந்தால்? பதினான்கு வயதில் அப்படி ஒன்று நடந்த பிறகு கல்லாக உறைந்துபோகிற பிள்ளைகளும் உண்டு. நான் பார்த்திருக்கிறேன்.

இரக்கத்தின் மேல் கட்டிய அனுமதி இப்படித்தான் வேலை செய்யும். தகுதியானவளா என்று பார்த்துத்தான் கொடுக்கும். பிற்காலத்தில் கருக்கலைப்புச் சட்டம் தளர்த்தப்படுவதை எதிர்த்த அமைப்பில் போர்ன் சேர்ந்தார். பலருக்கு இது முரண்பாடாகத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. அவர் அந்தப் பெண்ணின் உரிமையை ஒருநாளும் பேசவில்லை, தன்னுடைய மருத்துவத் தீர்மானத்தைத்தான் பேசினார். கடைசிவரை அதே ஆள்தான்.

பிப்ரவரி 9

பழைய ஆங்கிலச் சட்ட நூல்களைப் பற்றி ஒரு துணுக்கு. பெண் விருப்பப்படாமல் கரு தங்காது, ஆகவே கருவுற்றாள் என்றால் அது வன்புணர்வே இல்லை என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருந்தார்கள். சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், 2012-ல் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்ட டாட் ஏகின், உண்மையான வன்புணர்வு என்றால் பெண் உடலே கருவைத் தடுத்துவிடும் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். தேர்தலில் தோற்றார் என்பது ஓர் ஆறுதல். நம் மாணவிகளில் சிலரும் இதை அரைகுறையாக நம்பக்கூடும். வகுப்பில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: கருப்பைக்குச் சம்மதம் தெரியாது.

பிப்ரவரி 13

இன்று முழுக்க "நிரூபி" என்ற விஷயத்தோடு மல்லுக்கட்டினேன்.

விதிவிலக்கு என்று ஒன்று இருந்தால் வாசலில் ஒருவர் நின்று, நீ அதற்குள் வருகிறாயா என்று கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வன்புணர்வு விதிவிலக்கைப் பயன்படுத்த வேண்டும் என்றால் காவல்துறையில் புகார் செய்து அதன் நகலை மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். செய்தவன் மாமாவாகவோ மாற்றாந்தந்தையாகவோ அதே வீட்டில் இருந்தால் ஒரு பிள்ளை எந்தக் காவல் நிலையத்துக்குப் போகும்?

போகிறவர்களும் தாமதமாகத்தான் போவார்கள். 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வன்புணர்வால் கருவுற்ற பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாவது மும்மாதத்தில்தான் தாங்கள் கர்ப்பம் என்பதையே அறிந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதில் இருந்தவை 34 கர்ப்பங்கள். ஆனாலும் படுக்கைக்கு அருகில் நின்ற எவருக்கும் இது ஆச்சரியம் தராது. நடந்ததை நினைக்கவே கூடாது என்று இருக்கிறவள் தேதியை எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள். சட்டமோ வாரத்தை எண்ணுகிறது.

அயர்லாந்து இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. 1992-ல் வன்புணர்வால் கருவுற்ற பதினான்கு வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போவதை அங்கே உயர் நீதிமன்றம் தடுத்தது. கருவின் மரபணுவைச் சாட்சியமாக வைக்க முடியுமா என்று குடும்பத்தார் காவல்துறையிடம் கேட்டதால்தான் விஷயமே அரசுக்குத் தெரிந்தது. அதாவது குற்றவாளியைப் பிடிக்க உதவப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் பிறகு தடையை நீக்கியது, அவள் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது என்று. இங்கேயும் அவள் சாகத் தயார் என்று காட்டினால்தான் கதவு திறக்கிறது.

இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே நாட்டின் நாடாளுமன்றக் குழு, வன்புணர்வுக்கு என்று தனி விதிவிலக்கு வைத்தால் பெண்ணை நிரூபிக்கச் சொல்லி மறுபடி வதைப்பதாக ஆகும் என்று கண்டது. அதனால் 12 வாரம் வரை காரணமே கேட்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2018 பொது வாக்கெடுப்புக்குப் பிறகு அதுவே சட்டமானது. வன்புணர்வைப் பற்றி நேர்மையாக யோசித்தவர்கள் கடைசியில் விதிவிலக்கு என்ற முறையையே கைவிட்டார்கள்.

அர்ஜென்டினா உச்ச நீதிமன்றம் 2012-ல் வேறு வழி கண்டது: பெண் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே போதும், நீதிபதியின் அனுமதி தேவையில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2022-ல் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டியதில்லை என்றது. கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவன் செய்யும் வன்புணர்வும் வன்புணர்வே என்றும் சொன்னது. குற்றவியல் சட்டம் அதைக் குற்றமாக ஏற்காத நாட்டில்! தண்டிக்க முடியாத ஒன்றை மருத்துவமனை மட்டும் நம்பலாம். வினோதம்தான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது போதும்.

"பொய் சொல்லி வந்தால்?" என்று யாராவது கேட்பார்கள். வரட்டும். ஒருவனைச் சிறைக்கு அனுப்ப ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் வேண்டும். ஒருத்திக்குச் சிகிச்சை தர அது எதற்கு?

பிப்ரவரி 17

சம்மதம்தான் அடிப்படை என்றால் அது மறுபக்கமும் வெட்டும்.

2009, சண்டிகர். அரசு காப்பகத்தில் இருந்த, பெற்றோர் இல்லாத இளம்பெண். மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவள். காப்பகத்திலேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றாள். நிபுணர் குழு அவளிடம் பேசியது, அவள் குழந்தை வேண்டும் என்றாள். உயர் நீதிமன்றம், அவள் நன்மைக்காக என்று சொல்லி, கலைக்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: அவள் சம்மதம் இல்லாமல் முடியாது.

இந்த வழக்கைச் சொன்னால் மாணவிகள் முகம் சுளிப்பார்கள் என்று நினைக்கிறேன். அவளால் எப்படி வளர்க்க முடியும் என்று கேட்பார்கள். நியாயமான கவலை, அதற்கு உதவி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் ஒருவன் அவளைக் கேட்காமல் செய்ததைச் சரிசெய்ய இன்னும் நான்கு பேர் அவளைக் கேட்காமல் இன்னொன்றைச் செய்வது எந்த வகையில் மருத்துவம்?

1971 போரில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கு, போருக்குப் பின் வங்கதேச அரசு 'வீராங்கனை' என்று பட்டம் கொடுத்தது. கருக்கலைப்புக்கு ஏற்பாடு செய்தது, பிறந்த குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்பச் சட்டம் போட்டது. பல பெண்களுக்கு அது விடுதலை. குழந்தையை வைத்துக்கொள்ள விரும்பிய பெண்களின் குரலுக்கு அந்த அவசரத்தில் இடமில்லை. தேசத்தின் மானம் முன்னால் வந்துவிட்டது.

1996 ஆய்வுக்கே திரும்பினால், அதில் பாதிப் பேர் கலைத்தார்கள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பெற்று வளர்த்தார்கள். "யாருக்குத்தான் அந்தக் குழந்தை வேண்டும்" என்று பேசுகிறவர்கள் யாரையும் கேட்டதில்லை.

பிப்ரவரி 20

அக்காவிடம் பிரேசிலில் 2009-ல் நடந்ததைச் சொன்னேன். ஒன்பது வயதுச் சிறுமி, மாற்றாந்தந்தையால் இரட்டைக் கரு. கருக்கலைப்பு நடந்தது. தாயும் மருத்துவர்களும் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டதாக அந்தப் பகுதிப் பேராயர் அறிவித்தார். மாற்றாந்தந்தைக்கு அந்த விலக்கு இல்லை. வத்திக்கானிலிருந்தே ஒரு பேராயர் அதைக் கண்டித்து எழுதினார்.

"அந்தப் பிள்ளையை முதலில் மடியில் எடுத்திருக்கணும்," என்றார் அக்கா. பிறகு, "அங்கே உயிருக்கே ஆபத்து. அது வேற."

"பதினெட்டு வயதுப் பெண் என்றால்?"

"என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனா அவளைப் பிடித்து நிறுத்தவும் மாட்டேன்."

எதிராளியின் வாயிலிருந்து எனக்கு இது போதும். ஒப்புக்கொள்வதும் தடுப்பதும் வேறு வேறு என்றுதான் நானும் சொல்ல வருகிறேன்.

பிப்ரவரி 24

வகுப்பு முடிந்தது. எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவு, சீட்டுகள் அதிகம்.

ஒரு சீட்டில்: "அப்படிப் பிறந்த ஒருவர் முன்னால் நின்று, நான் பிறந்திருக்கவே கூடாதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் மேடம்?" எழுதியவள் யார் என்று நான் தேடவில்லை. சொன்னது இது: "உங்கள் அம்மாவுக்கு முடிவெடுக்கும் உரிமை இருந்திருக்க வேண்டும் என்பதும், நீங்கள் இங்கே இருப்பது நல்லது என்பதும் ஒன்றோடொன்று மோதவில்லை. அவர் விரும்பிப் பெற்றிருந்தால் அது அவர் முடிவு. வேறு வழியில்லாமல் பெற்றிருந்தால் அவருக்கு நடந்தது அநியாயம். நீங்கள் அந்த அநியாயம் இல்லை." இதில் ஒரு வலி மிச்சம் இருக்கிறது. வாதத்தால் அதைப் போக்க முடியாது, நான் முயலவும் இல்லை.

இன்னொருத்தி எழுந்து கேட்டாள்: "நீங்கள் சொல்கிற மாதிரி பார்த்தால் வன்புணர்வுக்கு மட்டும் என்று எப்படி நிறுத்துவது மேடம்?" நிறுத்த முடியாது என்றேன். அடிப்படை சம்மதம் என்றால் அது மற்ற பெண்களுக்கும் நீளும். எவ்வளவு தூரம், எத்தனை வாரம் வரை என்று தனியாகப் பேச வேண்டும். சம்மதித்து உறவு கொண்டவளுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டா என்பதும் உண்மையான கேள்விதான். எனக்கு அதில் ஒரு நிலைப்பாடு உண்டு, இன்று அதைத் திணிக்கவில்லை.

கடைசியாக வேலை சம்பந்தமான கேள்வி. மனசாட்சி இடம் தராத செவிலியர் என்ன செய்வது? விலகலாம், அது உங்கள் உரிமை. ஆனால் உடனே வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும், தகவலை மறைக்கக் கூடாது. நடந்து ஐந்து நாளுக்குள் வந்தவளிடம் அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறது என்று சொல்லாமல் விடுவதை எந்த மனசாட்சியின் பெயராலும் நான் ஏற்க மாட்டேன்.

"அன்று இரவு டியூட்டியில் நான் மட்டும்தான் இருந்தால்?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. அவள் அக்காவின் செல்ல மாணவி. அப்போது நீதான் பார்க்க வேண்டும் என்றேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. நாளைக்கு அக்காவிடம் போய்க் கேட்பாள், அவரும் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.