மாத்திரை முடிந்த பிறகு வந்த பயம்

கடைசி மாத்திரையை விழுங்கிய இரவு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ உதறல்.

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி-க்கான சிகிச்சை இப்போதெல்லாம் அப்படியொன்றும் கஷ்டமில்லை. சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 12 வாரம். டப்பாவுக்கு 28 வீதம் மூன்று டப்பா. எனக்கு லேசான தலைவலியும் கொஞ்சம் அசதியும் இருந்தன, அவ்வளவுதான். ஆனால் அந்த 12 வாரமும் தினமும் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு போனில் அலாரம் அடிக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு, இன்றைய பாட்டுக்கு வைரஸை அடக்கியாயிற்று என்று படுத்துவிடுவேன். சிகிச்சை முடிந்த மறுநாளும் அலாரம் அடித்தது. போடுவதற்கு மாத்திரை இல்லை. இனிமேல் அதைத் தடுக்க உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

சிகிச்சையின் கடைசியில், ரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்என்ஏ டெஸ்ட் எடுத்தார்கள். வைரஸ் இல்லை. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “நல்ல ரிசல்ட்தான் சார். ஆனா இதை வச்சு குணமாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். மருந்தை நிறுத்தி 12 வாரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். அப்பவும் இல்லேன்னாதான் குணம்னு எழுதுவேன்.”

மருந்து உடம்பில் இருக்கும்போது வைரஸ் கண்ணில் படாதது பெரிய விஷயமில்லை. மருந்து இல்லாமலும் அது தலைகாட்டாமல் இருக்கிறதா என்பதுதான் பரீட்சை. டாக்டர்கள் இதை எஸ்விஆர் 12 என்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த மூன்று மாதத்தை எப்படி ஓட்டுவது என்று எந்த மருந்துச்சீட்டிலும் எழுதித் தருவதில்லை.

காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் போய் நிற்பேன். கீழ் இமையை இழுத்துப் பிடித்து வெள்ளைவிழி மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பேன். குழல் விளக்கு வெளிச்சத்தில் எதைப் பார்த்தாலும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரியும். அதனால் ஜன்னலோரம் போய் போனில் படம் எடுத்து, முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சிறுநீர் கொஞ்சம் அடர்த்தியாகப் போனால் அன்றைய நாள் போச்சு. வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சுருக் வந்தாலும் கை தானாக அங்கே போய்விடும். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: “ஏங்க, வைரஸ் இருந்த காலத்துல என்னிக்காவது கண்ணு மஞ்சளாச்சா?”

ஆகவே இல்லை. அதுதான் விஷயம். எனக்கு இந்த நோய் இருப்பதே வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. வருஷக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறது. ஒரு அறிகுறியும் காட்டவில்லை. வந்தபோதே சொல்லாமல் வந்தது, திரும்பி வரும்போது மட்டும் சொல்லிவிட்டா வரும்? அசதியை வைத்தோ, கண்ணின் நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்கக்கூடிய நோய் இல்லை இது. ரத்தத்தில் வைரஸின் ஆர்என்ஏ இருக்கிறதா என்ற ஒரே டெஸ்ட்தான் பதில் சொல்லும். அவள் சொன்னது மூளைக்குப் புரிந்தது. வயிற்றைப் பிசைவது மட்டும் நிற்கவில்லை. படம் எடுப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

என் பயத்துக்கு இன்னொருவரும் தெரியாமல் எண்ணெய் ஊற்றினார். கிளினிக்கில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் எடுத்த காலத்து நோயாளி. 48 வாரம் வாராவாரம் ஊசி. காய்ச்சல், முடி கொட்டல், மனச்சோர்வு எல்லாவற்றையும் தாங்கி முடித்தார். முடித்தபோது வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் திரும்ப வந்துவிட்டது. “முடிஞ்சிடுச்சுன்னு நம்பிடாதீங்க தம்பி” என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் கோபப்பட்டார், அந்தப் பெரியவர் மேல் இல்லை. “அது வேற காலம் சார். அந்த மருந்து வைரஸை நேராத் தாக்கலை, உங்க எதிர்ப்புச் சக்தியை உசுப்பி விடும், அவ்வளவுதான். பாதிப் பேருக்கு வேலை செஞ்சாலே பெரிசு. இப்போ நீங்க போட்டது வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கிற இடத்துலயே கைவைக்கிற மருந்து. நூத்துல 95 பேருக்கு மேல குணமாகுது.” சோஃபோஸ்புவிர் பயன்பாட்டுக்கு வந்ததே 2013 கடைசியில்தான். அதற்கு முன்னால் சிகிச்சை எடுத்தவர்களின் அனுபவத்தை நம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அந்தப் பெரியவரும் புது மருந்துக்குத்தான் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ஆனாலும் மீதி ஐந்து பேரில் நான் ஒருவனாக இருந்தால்? எனக்கு ஜெனோடைப் 3, அதாவது இந்த வைரஸின் மூன்றாம் வகை. கல்லீரல் தழும்பு எஃப் 3 நிலை, கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போகும் சிரோசிஸுக்கு (எஃப் 4) ஒரு படி கீழே. ஜெனோடைப் 3-ல், அதுவும் தழும்பு முற்றியவர்களுக்கு, திரும்புகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்று அவரே முதலில் சொல்லியிருந்தார். நான் ஒரு வேளைகூட விடவில்லை. அசிடிட்டி மாத்திரைகள் வெல்பட்டாஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் அவற்றையும் தொடவில்லை. அப்படி ஒழுங்காக இருந்தவர்களில் சிலருக்கும் திரும்பத்தான் செய்கிறது. ஒழுங்காக இருந்தோம் என்பது ஆறுதல்தான், உத்தரவாதம் இல்லை.

அன்றைக்கு ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் கேள்வி, இந்த வைரஸ் நீறு பூத்த நெருப்பாக உள்ளே கிடந்துவிட்டு பத்து வருஷம் கழித்துக் கிளம்புமா? எனக்கு இருந்த பயத்தில் பாதி இதுதான். டாக்டர் நிதானமாக விளக்கினார். ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபுப்பொருளைப் பத்திரப்படுத்திவிடும். எச்ஐவி நம் மரபணுவுக்குள்ளேயே தன்னைச் செருகிக்கொள்ளும். அதனால்தான் அவற்றை அடக்கி வைக்கிறார்கள், முழுசாக விரட்டுவது அபூர்வம். சி வைரஸுக்கு அந்த வித்தை தெரியாது. அது செல்லின் உட்கருவுக்குள் நுழைவதே இல்லை. வெளியே இருந்தபடி ஓயாமல் தன்னைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. எடுக்க முடியாவிட்டால் அழிந்துபோகும்.

திரும்புவதும் இதே காரணத்தால்தான் சீக்கிரம் நடக்கிறது. மருந்து முடியும்போது டெஸ்டுக்கு எட்டாத அளவில் கொஞ்சம் மிச்சம் இருந்தால், தடை நீங்கியதும் அது மளமளவென்று பெருகும். பொறுமையாக உட்கார்ந்திருக்கிற சுபாவமே அதற்குக் கிடையாது. திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் நான்கு வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. 12 வாரம் தாண்டியும் இல்லை என்றால், அதற்குப் பிறகு அதே வைரஸ் திரும்புவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தயங்கினேன். கேட்டால் பலித்துவிடுமோ என்று ஒரு அசட்டுப் பயம். “சரி, வந்துட்டா?”

“வந்தா மறுபடி மருந்து. இதே ரெண்டோட வாக்சிலாப்ரேவிர்னு மூணாவது ஒண்ணு சேர்ந்த மாத்திரை இருக்கு. அதுவும் 12 வாரம். முதல் தடவை குணமாகாதவங்கள்லயே ரொம்பப் பேருக்கு அதுல குணமாகுது. உங்க வழி அடைஞ்சு போகாது.”

95 என்ற எண் செய்யாததை இந்தப் பதில் செய்தது. அதுவரை ‘திரும்ப வருமா’ என்றே புலம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ‘வந்தால் என்ன செய்வோம்’ என்றால் பதில் இருக்கிறது, மருந்துக்குப் பேர்கூட இருக்கிறது. காத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தக் கேள்வியை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். இணையத்தில் தேடாதீர்கள். குணமானவன் எவனும் நள்ளிரவில் உட்கார்ந்து எழுதுவதில்லை. திரும்ப வந்தவர்கள்தான் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் உலகத்தில் எல்லோருக்கும் திரும்பிவிட்டது போலத்தான் இருக்கும்.

நான்காம் வாரத்தில், என் தொல்லை தாங்காமல்தான் என்று நினைக்கிறேன், ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். வைரஸ் இல்லை. அந்த நிம்மதி கொஞ்ச நாள் தாங்கியது.

12-ஆம் வார ரிப்போர்ட் போனுக்கு வந்தது. திறக்காமல் வெகுநேரம் வைத்திருந்தேன். பிறகு மனைவியைத் திறக்கச் சொன்னேன். இந்த ரிப்போர்ட்டைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்று இருந்தால் தேடியது அகப்படவே இல்லை. ‘டிடெக்டட்’ என்று போட்டு பக்கத்தில் 15-க்குக் கீழ் என்று இருந்தால், ஏதோ தட்டுப்பட்டது, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று பொருள். அந்த 15 லேபுக்கு லேப், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். சிகிச்சை நடக்கும்போது இரண்டாவது மாதிரி வந்து, அப்புறம் முழுசாகக் குணமானவர்கள் நிறைய. இது தெரியாமல் அந்த ஒரு வரியைப் பார்த்துக் கலங்கிப்போகிறவர்கள் உண்டு. எனக்கு முதல் மாதிரிதான் வந்தது. அவள் மூன்று வார்த்தையையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள், நான் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச காலம் கழித்து ஹெர்னியா ஆபரேஷனுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ‘எச்சிவி ரியாக்டிவ்’, அதாவது ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி இருக்கிறது என்று வந்தது. வார்டு வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் “அந்த பெட், சி பாசிட்டிவ் கேஸ்” என்று என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி வேறு, வைரஸ் வேறு என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆன்டிபாடி டெஸ்ட் காட்டுவது இந்த உடம்பு என்றைக்கோ அந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்பதைத்தான். குணமான பிறகும் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். மற்றவர்களுக்கு இதை நானே விளக்கியிருக்கிறேன். அப்படியும் அந்த வார்த்தையைக் கேட்டதும் கை கால் சில்லிட்டுப் போனது.

சர்ஜனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. பத்திரத்துக்கு ஆர்என்ஏ எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார், எடுத்தார்கள். இல்லை. அன்றிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் 12-ஆம் வார ரிப்போர்ட்டின் நகல் பையில் இருக்கும். அட்மிஷன் படிவம் நிரப்பும்போதே நானே முந்திக்கொண்டு, ‘ஆன்டிபாடி பாசிட்டிவாத்தான் வரும், ஆர்என்ஏ நெகட்டிவ், சிகிச்சை முடிந்தது’ என்று சொல்லிவிடுகிறேன். ரத்ததானம் மட்டும் இனி முடியாது. பல இடங்களில் ஆன்டிபாடி இருந்தாலே எடுக்க மாட்டார்கள். வருத்தம்தான்.

அந்த ஆன்டிபாடி நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்துவிடவும் கூடாது. இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, ஒருமுறை வந்தவருக்கு மறுபடி புதிதாகத் தொற்றலாம். இது பழையது திரும்புவது இல்லை, வேறு கதை. பெரும்பாலும் ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் தொற்றும். அதனால் ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் எனக்கென்று தனி. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ ஒன்றும் ஆகாது. மனைவிக்கு ஆரம்பத்திலேயே பரிசோதித்துவிட்டோம், அவளுக்கு ஆன்டிபாடியே இல்லை.

இப்போது என்னிடம் மிச்சம் இருக்கும் கவலை வைரஸைப் பற்றியது இல்லை, அது விட்டுப்போன தழும்பைப் பற்றியது. எஃப் 3, எஃப் 4 நிலைக்குப் போனவர்களுக்கு வைரஸ் போன பிறகும் கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு குறைகிறதே தவிர முழுதாகப் போய்விடுவதில்லை. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். குணமாகிவிட்டது என்று இதை விட்டுவிடுகிறவர்களை டாக்டர் வாய்க்கு வாய் திட்டுவார். போன முறை ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தார்கள், கல்லீரலின் விறைப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. இனி அல்ட்ராசவுண்டை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். எண் இறங்கினாலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அடுத்த தேதியை எழுதிக் கொடுத்துவிட்டார்.