குரோமாண்ட் ஏற்றம்: யார்க்‌ஷயர் மூர்ஸ் நீராவி ரயிலில் எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வே என்ற பாரம்பரிய நீராவி ரயில் பாதைக்குப் போகிற பலரும் பிக்கரிங்கில் ஏறி வடக்கு நோக்கிப் போகிறார்கள். யார்க் நகரிலிருந்து வருபவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் நீராவி எஞ்சின் உழைப்பதைக் காதால் கேட்க வேண்டுமென்றால் எதிர்த்திசையில் போக வேண்டும். விட்பியிலோ குரோமாண்டிலோ ஏறித் தெற்கே வாருங்கள். இந்தப் பாதையின் உயிர் குரோமாண்டுக்கும் கோத்லாண்டுக்கும் நடுவே உள்ள ஏற்றத்தில் இருக்கிறது. வடக்கே போகும் ரயில் அந்த இடத்தைப் பிரேக்கைப் பிடித்தபடி சத்தமில்லாமல் இறங்கிக் கடந்துவிடும். (ஊர்ப்பெயரை எழுதும்போது நடுவில் ஓர் ‘எஸ்’ வரும், உச்சரிப்பில் வராது. டிக்கெட் கேட்கும்போது ‘குரோமாண்ட்’ என்றே கேளுங்கள்.)

பிக்கரிங்கிலிருந்து குரோமாண்ட் 18 மைல். அதற்குமேல் விட்பி வரையிலான சுமார் 6 மைல் தேசிய ரயில் பாதை. அங்கே வழக்கமான டீசல் ரயில்களுக்கு நடுவே இந்த ரயில்களும் ஓடுகின்றன. எல்லா ரயிலும் விட்பி வரை போவதில்லை, பல குரோமாண்டிலேயே திரும்பிவிடும். தேசியப் பாதையில் ஓடத் தேவையான பாதுகாப்புக் கருவிகள் எல்லா எஞ்சினிலும் கிடையாது என்பதும் ஒரு காரணம். விட்பி ரயில்கள் குறைவு, கூட்டம் அதிகம். அதனால் முதலில் அதற்கு இடம் பிடித்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். முழுத் தூரம் போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். பாரம்பரியப் பகுதியில் வேக உச்சவரம்பே மணிக்கு 25 மைல்தான்.

இப்போது அந்த ஏற்றம். 49க்கு 1 என்பது கணக்கு, அதாவது 49 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயரம். காரில் போகிறவருக்கு இது ஒரு மேடாகவே தெரியாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வைத்து, ஏழெட்டுப் பெட்டிகளை இழுக்கும் எஞ்சினுக்கு இது செங்குத்து. மூன்று மைலில் கிட்டத்தட்ட 100 மீட்டர் உயர வேண்டும், வழியெல்லாம் வளைவுகள் வேறு. எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் உட்கார்ந்து புகைபோக்கி எழுப்பும் ‘சஃப்’ சத்தத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு சத்தம். ‘பிளாக் ஃபைவ்’ வகை எஞ்சினின் ஓட்டுச்சக்கரம் 6 அடி விட்டம். மணிக்கு 10 மைல் வேகத்தில் அது வினாடிக்கு மூன்று முறை ‘சஃப்’ என்று அறையும். மூன்று சிலிண்டர் உள்ள ‘ரெப்டன்’ போன்ற எஞ்சின் வந்தால் சுற்றுக்கு ஆறு சத்தம், தனித்தனியாக இல்லாமல் ஓடிவரும் மூச்சாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டே எந்த எஞ்சின் இழுக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நடுவில் அந்தத் தாளம் திடீரென்று சிதறி, கடகடவென்று ஒரு நொடி ஓடினால் சக்கரம் வழுக்குகிறது என்று அர்த்தம். ஈரத் தண்டவாளமும், இலையுதிர் காலத்தில் நசுங்கிய இலைக் கூழும்தான் பெரும்பாலும் காரணம். டிரைவர் உடனே நீராவியைக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவி, பிடிப்பு வந்தபின் மறுபடி திறப்பார். குறைக்கத் தவறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று தண்டவாளத்தைத் தேய்க்கும், அடுப்பின் நெருப்பையும் உறிஞ்சிக் கிழித்துவிடும்.

அடுப்பையும் தண்ணீரையும் கவனிக்கும் ஃபயர்மேனின் வேலை குரோமாண்டில் நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஏற்றத்தில் போய்க் கரியை அள்ளிப்போட்டுச் சமாளிக்க முடியாது. கிளம்பும்போதே நெருப்பு கனமாக, அடி வரை வெள்ளையாகக் கனன்றிருக்க வேண்டும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் பார்த்துப் போட வேண்டும். புகைபோக்கியில் இலேசான சாம்பல் நிறப் புகை வந்தால் வேலை சரியாக நடக்கிறது. படம் எடுப்பவர்கள் ஆசைப்படும் அடர்ந்த கரும்புகை உண்மையில் எரியாமல் வீணாகும் கரி. தண்ணீரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புகைபோக்கி முன்னால் இருக்க ஏறும்போது, பாய்லர் சாய்ந்திருப்பதால் தண்ணீர் பின்னால் அடுப்புப் பக்கம் தேங்கும், கண்ணாடிக் குழாயில் மட்டம் உயர்வாகத் தெரியும். எல்லர்பெக் அருகே உச்சியைத் தாண்டியதும் அதே தண்ணீர் முன்னால் ஓடிவிடும். அப்போது அடுப்பின் மேற்கூரை தண்ணீரை விட்டு வெளியே வந்தால் ஆபத்து. கூரையில் பதித்திருக்கும் ஈயக் குமிழ் உருகி, நீராவி அடுப்புக்குள் பாய்ந்து எச்சரிக்கும். அதோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. அதனால்தான் உச்சி நெருங்கும்போது, மூச்சு முட்டும் அந்த நேரத்திலும், ஃபயர்மேன் பாய்லருக்குள் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்.

இந்த ஏற்றமே ஒரு சமரசம்தான். ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் போட்ட மூலப்பாதை 1836இல் முழுதாகத் திறந்தபோது பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். பெக் ஹோல் என்ற இடத்தில் 15க்கு 1 என்ற சரிவு, குதிரையாலும் ஆகாதது. மேலே தண்ணீர் நிரப்பிய தொட்டி வண்டியைக் கீழே இறக்கி, அதன் பாரத்தால் கயிறு கட்டிய பெட்டியை மேலே இழுத்தார்கள். பின்னால் நீராவி எஞ்சின் வந்த பிறகும் இந்தச் சரிவில் மட்டும் கயிறுதான். 1864இல் கயிறு அறுந்து பெட்டி கீழே ஓடியதில் உயிர்ப்பலி நேர்ந்தது. அதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்த மாற்றுப்பாதை 1865இல் திறந்தது. இன்று ரயில் ஏறுவது அதில்தான்.

தெற்கே போகும்போது பெரும்பாலும் இடப்பக்க ஜன்னலே நல்லது. விட்பியில் எஸ்க் ஆறு அந்தப் பக்கம். பிறகு 13 வளைவுகள் கொண்ட செங்கல் பாலமான லார்பூல் வயடக்டின் அடியில் ரயில் நுழையும். கோத்லாண்டைத் தாண்டியதும் மரங்கள் விலகி மூர் விரிகிறது: மக்கிய செடிகளாலான கரிச்சேறு படிந்த, மரமற்ற மேட்டுநிலம். ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஹெதர் என்ற குறும்புதர் பூத்து மலை முழுக்க ஊதா. இடப்பக்கம் தூரத்தில் முக்கோணக் கூம்பாக நிற்பது ஃபைலிங்டேல்ஸ் விமானப்படைத் தளத்தின் ராடார். அடுத்து வருவது ஃபென் பாக் சதுப்பு. இங்கே அடித்தளம் போட்டால் சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஆட்டு ரோமத் தோல்களில் ஹெதர் செடிகளைத் திணித்து, மரக்கட்டைகளோடு சேர்த்துப் பரப்பி, அதன்மேல் பாதையை மிதக்கவிட்டார்கள். அதற்கப்பால் நியூட்டன்டேல், பனியுகப் பனி உருகிப் பாய்ந்த வெள்ளம் அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு. அதன் விளிம்பில் இடப்புறம் தெரியும் சிதைந்த கல்கட்டடம் ஸ்கெல்டன் கோபுரம். நியூட்டன்டேல் நிறுத்தத்துக்குச் சாலையே கிடையாது, காட்டில் நடக்க வருகிறவர்களுக்கு மட்டுமே பயன். லெவிஷம் நிலையத்தில் இறங்கி ஊரைப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்றரை மைல் செங்குத்து ஏற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட வறட்சிக் கோடையில் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சின் வந்தால் கோபப்பட வேண்டாம். காய்ந்த ஹெதரில் ஒரு தீப்பொறி விழுந்தால் அடியிலுள்ள கரிச்சேறு வரை பற்றிக்கொள்ளும், மண்ணுக்கடியில் நாள்கணக்கில் கனலும். பயண நாள் காலையில் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கரியும் இப்போது ஒரு கவலைதான். வேல்ஸின் ஃபோஸ்-ய்-ஃபிரான் சுரங்கம் 2023இல் மூடியபின் பிரிட்டனின் பாரம்பரிய ரயில்கள் இறக்குமதிக் கரியை நம்பியிருக்கின்றன. எல்லாக் கரியும் ஒன்றல்ல. சில வகைகள் உருகிக் கண்ணாடிக் கட்டியாக அடுப்பின் அடித்தட்டில் ஒட்டிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். அப்படி ஆனால் கடைசி ஒரு மைலில் நீராவி அழுத்தம் சரிவதை எஞ்சின் சத்தத்திலேயே உணரலாம்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாதீர்கள். பாலமும் சிக்னல் கம்பமும் நெருக்கம். கரித்துகள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள்.

ஒருநாள் முழுதும் இருந்தால், ரயிலில் கோத்லாண்ட் வரை ஏறிவிட்டு, அங்கிருந்து குரோமாண்டுக்கு மூன்றரை மைல் நடந்து இறங்குங்கள். நடைபாதை 1836ஆம் ஆண்டுத் தடத்தின் மேலேயே போகிறது. கயிற்றுச் சரிவின் உச்சியிலிருந்து பெக் ஹோலை நோக்கி இறங்கும்போது முழங்கால் சொல்லும், 15க்கு 1 என்றால் என்னவென்று. மழை பெய்திருந்தால் வழுக்கும், பிடிப்புள்ள காலணி தேவை. கடைசியில் எஞ்சின் கொட்டகைகளைக் கடந்ததும் ஸ்டீபன்சனின் பழைய சுரங்கத்துக்குள் நுழைவீர்கள். கோட்டை வாசல் போன்ற முகப்பு, உள்ளே குதிரையும் ஒரு சிறு பெட்டியும் போகிற அளவு இடம். பக்கத்துச் சுவருக்கு அப்பால், பெரிய சுரங்கத்தில், அடுத்த ரயில் ஏற்றத்துக்குக் கிளம்பும் சத்தம் கேட்கும்.