அம்மாவின் மணையும் புது அடுப்படியும்

மதுரையில் எங்கள் வீட்டு அடுப்படியில் மேடையை ஒட்டி எப்போதும் ஒரு மணை கிடக்கும். அம்மா நாலடி பத்தங்குலம். 1988இல் வீடு கட்டிய கொத்தனார் மேடையை 34 அங்குலத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கொதிக்கிற குழம்பை எட்டிப் பார்க்க அம்மா மணை மேல் ஏறுவார், அப்புறம் இறங்குவார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை. போன வருஷம் மணை வழுக்கி, கையில் ரசச் சட்டியோடு அவர் சுவரைப் பிடித்து நின்ற அன்றைக்குத்தான் அடுப்படியை இடித்துக் கட்டுவது என்று முடிவானது.

முதலில் மாடுலர் கிச்சன் கடைக்குப் போனோம். உட்கார்ந்ததுமே என்ன கலர் வேண்டும் என்று கேட்டார்கள். யார் சமைப்பார்கள் என்று கடைசிவரை கேட்கவில்லை. இரண்டு நாளில் 3டி படம் வந்தது. வெள்ளை வெளேரென்று, கண்ணாடிபோல மின்னும் கதவுகள். மேடை உயரம் மறுபடியும் 34 அங்குலம். “அதான் சார் ஸ்டாண்டர்டு” என்றார் டிசைனர். அந்தப் பளபளப்பில் கடுகு தாளித்தால் மறுநாள் எப்படி இருக்கும் என்று என் மனைவி கேட்டதற்கும் பதில் இல்லை.

திரும்பி வந்து ஒரு வாரம் எதுவும் செய்யாமல், அடுப்படியில் யார் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். மொத்த வேலையிலும் உருப்படியாகச் செய்தது இதுதான் என்பேன். காலையில் அடுப்பு அம்மாவுடையது. காய் நறுக்க அவர் அரிவாள்மனையோடு தரையில் உட்கார்ந்தால் அரை மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். அந்த நேரத்தில் நாங்கள் அவரைத் தாண்டித் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தோம். ராத்திரி சப்பாத்தி மனைவி, பாத்திரம் நான். வாரத்தில் இரண்டு நாள் கிரைண்டரை இரண்டு பேர் சேர்ந்து மேடைக்குத் தூக்குகிறோம்.

அடுத்து உயரம். நின்றபடி முழங்கையை மடக்கினால், அதற்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே வேலை நடக்கிற இடம் இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. அடுப்பங்கரையில் அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. மேடை மேல் அடுப்பு ஒரு நாலங்குலம், அதற்கு மேல் சட்டி. கரண்டி பிடிக்கிற கை எங்கேயோ மேலே போய்விடும். சிங்க்கில் நேர்மாறு, தொட்டியின் அடி மேடையை விடக் கீழே கிடப்பதால் குனிந்து குனிந்து இடுப்பு போகும். ஆக, அடுப்புக்கு மேடை தாழவேண்டும், சிங்க்குக்கு உயரவேண்டும். கொல்லையில் செங்கல்லை அடுக்கி, பழைய கதவுப் பலகையைப் போட்டுச் சோதித்தோம். அம்மா வெறும் சட்டியில் குழம்பு கிண்டினார், மனைவி நிஜமாகவே மாவு தேய்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன, தனிக்குடித்தனமா?” என்றார். கடைசியில் அடுப்புக்கு 28, மற்ற இடமெல்லாம் 34 என்று நின்றது.

“ஏண்ணே, மேடை கட்டவா, படிக்கட்டு கட்டவா?” என்று கொத்தனார் சிரித்தார். அவர் சிரித்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு மட்டமும் சேருகிற இடத்தில் வாணலிக் காது இடிக்கும் என்பதை அவர்தான் சொன்னார். அடுப்பை அங்கிருந்து முக்கால் அடி தள்ளி வைத்தோம். இன்னொன்றை யாருமே யோசிக்கவில்லை. 28 அங்குல மேடைக்கு அடியில் சிலிண்டரை வைத்தால் ரெகுலேட்டர் மாட்டக் கை நுழையவில்லை. அதைப் பக்கத்து உயர மேடைக்கு அடியில் மாற்றி, டியூபுக்குச் சுவரில் ஓட்டை போட வேண்டியதாயிற்று.

மரவேலையைத் தெரு ஆசாரியிடமே கொடுத்தோம். தண்ணீர் தாங்குகிற, ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட், மேலே மங்கலான கரும்பச்சை லேமினேட். சிங்க்குக்கு அடியில் மட்டும் மரமே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். என்றைக்காவது ஒருநாள் அங்கே ஒழுகும், பலகை உப்பும். கடப்பா கல் தட்டு இரண்டு போட்டு, கதவு இல்லாமல் திறந்தே விட்டோம். கிரைண்டருக்கு 18 அங்குலத்தில் தனித் திண்டு, பக்கத்திலேயே பிளக். டில்டிங் கிரைண்டர் சாய முன்னால் இடம் விட்டாயிற்று. இப்போது அதை யாரும் தூக்குவதில்லை.

அழகு விஷயத்தில் மனைவிக்கு ஒரே ஆசை, ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கம் நேரிலேயே போனோம். கண்ணாடித் தகட்டின் மேல் கலர் சிமென்ட்டை ஊற்றிப் பூப்போட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. அடுப்புக்குப் பின்சுவரில் பதிக்கத்தான் கேட்டாள். அது சிமென்ட், புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துவிடும் என்று அங்கே வேலை செய்தவரே தடுத்தார். விற்கிறவர் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சுவருக்குச் சாதாரண டைல்ஸ். ஆத்தங்குடிக் கல் ஜன்னலுக்குக் கீழே, அம்மா அரிவாள்மனையோடு உட்காருகிற ஆறடிக்கு நாலடித் தரையில் மட்டும். நடக்கிற வழி அதைத் தொடாது. எலுமிச்சை மட்டும் மேடையில்தான் நறுக்கவேண்டும் என்று வீட்டில் சட்டம்.

இருபத்தைந்து நாள் என்றார்கள், ஐம்பத்திரண்டு நாள் ஆனது. அதுவரை கொல்லையில் ஒற்றை அடுப்பு, தகரக் கூரை. அதைப் பற்றி எழுதினால் அது தனிப் புலம்பல்.

இப்போது அம்மா தரையில் நின்றே சட்டிக்குள் பார்க்கிறார். முதல் வாரம் கால் தன்னால் மணையைத் தேடியதாம். போர்த் தண்ணீர் உப்புக்கறை கறுப்பு கிரானைட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. பழுப்புக் கல் வாங்கியிருக்கலாம். அப்புறம், இத்தனை அளவு எடுத்தும் குப்பைக் கூடைக்கு இடம் ஒதுக்க மறந்துவிட்டோம். அது தினமும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது. இன்று காலை கிரைண்டர் திண்டுக்கு முன்னால் நின்றது.