குறை சொல்ல ஒன்றுமில்லாத வேலை

குறை சொல்ல ஒன்றுமில்லாத ஒரு வேலையை விட்டு வருவதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. மோசமான இடத்திலிருந்து வெளியே வருபவர்களுக்குக் கோபம் துணைக்கு இருக்கும். மேலதிகாரி கத்துகிறார், சம்பளம் இழுத்தடிக்கிறார்கள், விடுமுறையிலும் கூப்பிடுகிறார்கள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லலாம், கேட்பவர்களும் "சரிதான், விட்டுட்டு வா" என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. கணக்குப் பிரிவில் நல்ல பெயர், மாதம் பிறந்தால் சம்பளம், உரிமையோடு பழகும் சக ஊழியர்கள், லீவு கேட்டால் முகம் சுளிக்காத மேலாளர். காலையில் எழுந்தால் போகத்தான் பிடிக்காது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் பிடிக்காது. இதை வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. இந்த நாற்காலிக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எனக்கு என்ன குறைச்சல் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்வேன்.

பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. அவரும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் நீங்கள் ரொம்ப நன்றாக உணர்ந்த நேரம் எது, ரொம்ப மோசமாக உணர்ந்த நேரம் எது என்று கேட்டிருக்கிறார்கள். 1959-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. மோசமான நேரங்களைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் நிர்வாக விதிகள், மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல் இவற்றைச் சொன்னார்கள். நல்ல நேரங்களைப் பற்றிப் பேசும்போது செய்து முடித்த காரியம், கிடைத்த அங்கீகாரம், செய்யும் வேலையின் தன்மை, பொறுப்பு, வளர்ச்சி என்று பேச்சு வேறு பக்கம் போனது. ஆக, அதிருப்தியைப் போக்குவது ஒன்று, நிறைவைத் தருவது இன்னொன்று. முதலாவது முழுசாகக் கிடைத்தும் இரண்டாவது கிடைக்காமல் ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடியும். ஹெர்ஸ்பெர்க்கின் ஆய்வுமுறையைப் பின்னால் வந்தவர்கள் நிறைய விமர்சித்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கணக்காளர்களில் ஒருவர் நான் என்றே எனக்குப் பட்டது.

சரி, நிறைவு இல்லை என்று தெரிந்துவிட்டது, கிளம்ப வேண்டியதுதானே? அங்கேதான் நன்றி என்ற விஷயம் குறுக்கே வந்து நின்றது.

ஒன்றும் தெரியாமல் உள்ளே வந்தவரை ஆளாக்கிய இடம், வீட்டில் ஒரு நெருக்கடி வந்தபோது முன்பணம் கொடுத்த இடம், அதை விட்டுப் போவது நன்றி கெட்டத்தனம் இல்லையா என்ற எண்ணம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து யாரும் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. நம்மை வளர்த்தவிதம் அப்படி, உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அதில் எனக்கு இன்றும் மறுப்பு கிடையாது. ஆனால் யாரை நினைக்கிறோம், எதற்காக நினைக்கிறோம் என்று பிரித்துப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாக "இந்த இடத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று வைத்துக்கொண்டால், பயம் அதன் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்கிறது. போகப் பயமாக இருக்கிறது என்று சொல்வதைவிட, போக மனசு வரவில்லை என்று சொல்வது கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என்னைக் கோபப்படுத்தும் விஷயம். ஆட்களைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, "வேலைன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு நன்றியோட இருங்க" என்று சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நன்றியே கிடையாது, பணிவு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பணிச்சோர்வை நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து விளக்கியபோது, அதை ஒரு நோயாகச் சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வரும் பணிசார்ந்த நிலை என்றுதான் வரையறுத்தது. அப்படிச் சோர்ந்துபோனவரிடம் போய், தினமும் நன்றி சொல்லிப் பழகுங்கள் என்று அறிவுரை சொல்வது கொடுமை. அவருக்கு முதலில் ஓய்வும் நியாயமான வேலைநேரமும் வேண்டும். நான் சொல்லிக்கொண்டிருப்பது அந்த நிலையில் இல்லாதவர்களுக்கு.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு மாதக் கடைசி. பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் எங்கள் புத்தகத்துக்கும் 270 இடிக்கிறது. ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டிக்கொண்டிருந்தோம். சார் பின்னால் வந்து நின்று, பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "ஒன்பதால வகுத்துப் பாரு" என்றார். 30. மீதி இல்லை. "அப்ப யாரோ பக்கத்துப் பக்கத்து எண்ணை மாத்திப் போட்டிருக்காங்க. அந்த மாதிரி தொகையை மட்டும் தேடு" என்றார். கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டது, 5,740 என்று இருக்க வேண்டியது 5,470 என்று ஏறியிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் அதோடு போயிருப்பார். சார் ஒரு துண்டுத்தாளில் எழுதியே காட்டினார்: ஒரு எண் பத்தாம் இடத்திலிருந்து ஒன்றாம் இடத்துக்கு இறங்கினால் அதன் மதிப்பு பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்காகிவிடும், இடையில் போனது ஒன்பது மடங்கு, நூறாம் இடத்திலிருந்து பத்துக்கு இறங்கினால் தொண்ணூறு மடங்கு, எப்படி மாற்றினாலும் ஒன்பதிலிருந்து தப்பிக்க முடியாது. ஒன்பதால் வகுபடவில்லை என்றால் பாதியாக்கிப் பார்க்கச் சொன்னார், அந்தப் பாதித் தொகை வரவுக்குப் பதில் செலவில் ஏறியிருக்கலாம். எனக்கு அன்றைக்குக் கணக்கு நேரானதைவிட, ஏன் நேரானது என்று புரிந்ததுதான் பெரிதாக இருந்தது.

அதற்கப்புறம் பல வருடங்கள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம்தான் வந்தது. யாரும் ஒப்படைத்த வேலை இல்லை, தானாக வந்தது. பதவி உயர்ந்து தனி அறைக்குப் போன பிறகு அது நின்றுவிட்டது. அறிக்கைகள் வரும், பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். பிடிக்காமல் போனது எப்போதிலிருந்து என்று யோசித்தால் சரியாக அங்கேதான் போய் நிற்கிறது. ஆனால் அது அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியவே இல்லை, பதவி உயர்வு என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும்?

ஒரு நாள், இந்த இடத்துக்கு நான் பட்ட கடனைப் பேர்வாரியாக எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கணக்குப் பார்த்தே பழகியவர்களுக்கு இப்படித்தான் யோசிக்க வரும். சார் வந்தார். நான் லீவில் இருந்த மாதத்தில் என் மேஜை வேலையையும் சேர்த்துப் பார்த்த ஒரு தோழி வந்தார். முன்பணத்துக்குச் சிபாரிசு செய்த மேலாளர், கணினி மாறியபோது பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த என்னைவிட வயதில் சின்ன ஒரு பையன், இப்படி வரிசையாக ஆட்கள் வந்தார்கள். எல்லாமே ஆட்கள். இவர்களில் ஒருவர்கூட நான் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து எனக்கு எதையும் செய்யவில்லை. சிலர் அந்த நிறுவனத்திலேயே இல்லை. நான் திருப்பிச் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அது இவர்களுக்குத்தான், அதற்கு நான் அந்த அறையில் இருந்தாக வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை.

ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினேன். எழுதுவதற்குள் ஆயிரம் தயக்கம், இத்தனை வருடம் கழித்து என்ன நினைப்பார்களோ, அசட்டுத்தனமாக இருக்குமோ என்று. இந்தத் தயக்கம் எனக்கு மட்டும் இல்லை போல. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் இதையே சோதித்திருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகக் கணக்குப் போடுகிறார்கள், அவருக்கு வரும் சந்தோஷத்தையும் ஆச்சரியத்தையும் குறைவாகக் கணக்குப் போடுகிறார்கள். வார்த்தை சரியாக அமைந்ததா என்று எழுதுகிறவர் தவிக்கிறார், வாங்குகிறவர் அதில் இருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார்.

சாருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே போன் வந்தது. "ஒன்பதால வகுக்குறதையா இத்தனை வருஷம் ஞாபகம் வச்சிருக்க?" என்று சிரித்தார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அப்புறம் சாதாரணமாகக் கேட்டார், "இப்ப யாருக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்க?" யாருக்கும் இல்லை சார், இப்போது மேலே போய்விட்டேன் என்றேன். "ஓ, அப்படியா" என்றவர் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று பேச்சை மாற்றிவிட்டார். அந்த "ஓ"வில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் அன்று ராத்திரி தூங்கவில்லை.

துணிச்சல் அங்கிருந்துதான் வர ஆரம்பித்தது. வந்தது என்றால் அடுத்த நாளே ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டு வரவில்லை, அப்படிச் செய்வதுதான் துணிச்சல் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. மேலாளரிடம் அனுமதி கேட்டு வாரக்கடைசியில் மட்டும் கணக்கியல் வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நாள் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான். இதைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014-ல் அமெரிக்கத் தொழில்முனைவோரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், இருந்த வேலையை வைத்துக்கொண்டே சொந்தத் தொழிலைத் தொடங்கி அப்புறம் முழுநேரத்துக்கு மாறியவர்களுக்கு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். மெதுவாகப் போகிறவர்களுக்கு அந்தத் தொழில் தமக்குச் சரிப்படுமா என்று பார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. எனக்கும் அதுதான் நடந்தது. முதல் வகுப்புகளில் வந்த சந்தோஷம் புதுசு என்பதால் வந்ததா, நிஜமா என்று தெரியவில்லை, பல மாதம் கழித்தும் குறையவில்லை என்றபோது நம்பினேன்.

இடையில் ஸ்டீவன் லெவிட்டின் ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. பொருளாதார அறிஞர். வாழ்க்கையில் முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களை இணையத்தில் காசு சுண்டச் சொல்லி, 20,000-க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்ட முடிவுகளைப் பின்தொடர்ந்தார். கட்டுரை 2021-ல் வெளிவந்தது. வேலையை விடுவது மாதிரியான பெரிய விஷயங்களில், மாற்றத்தைச் செய் என்று காசு சொன்னவர்கள் ஆறு மாதம் கழித்து, அப்படியே இரு என்று காசு சொன்னவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் காசு சுண்ட வேண்டாம். அதில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே ரொம்ப நாளாக இரண்டு மனசாக இருந்தவர்கள். அப்படி இருப்பவர்களின் தராசு பெரும்பாலும் "இருந்துவிடலாம்" பக்கமே சாய்ந்திருக்கிறது, அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் எடுத்துக்கொண்டது.

கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது, வீட்டில் நோயாளி இருக்கும்போது, ஒருவரின் சம்பளத்தில் ஐந்தாறு பேர் சாப்பிடும்போது இந்தப் பேச்செல்லாம் எரிச்சலூட்டும் என்பதும் எனக்குத் தெரியும். என் துணிச்சலில் பாதி, வங்கியில் கொஞ்சம் சேமிப்பு இருந்ததால் வந்தது. இதை மறைத்துவிட்டு மன உறுதியால் சாதித்தேன் என்று எழுதுவது நியாயமாக இருக்காது. விட முடியாதவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. ஏமி ரெஸ்நெஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001-ல் எழுதிய கட்டுரையில், ஊழியர்கள் தாங்களாகவே தங்கள் வேலையின் எல்லைகளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வதைப் பற்றிச் சொல்கிறார்கள். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர், தரையைத் துடைப்பதோடு நிற்காமல் நோயாளிகளிடம் நாலு வார்த்தை பேசுவது, செவிலியரின் வேலை நெருக்கடியைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்வது என்று தங்கள் வேலையைக் குணப்படுத்தும் வேலையின் ஒரு பகுதியாகவே பார்த்தார்களாம். அதே சம்பளம், அதே சீருடை. என் சூழ்நிலை வேறாக இருந்திருந்தால் நான் அந்தத் தனி அறையின் கதவைத் திறந்து வைத்து, வாரத்தில் ஒரு மதியத்தைப் புதியவர்களுக்காக ஒதுக்கியிருப்பேன். அதுவே போதுமானதாக இருந்திருக்கவும் கூடும்.

மேலாளரிடம் சொன்ன நாள் வந்தது. நான் தயார் செய்துகொண்டு போன விளக்கங்களில் பாதியைக்கூட அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க இடத்துக்கு வர்றவருக்கு நீங்களே முழுசா சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க, அது போதும்" என்றார். அந்த நோட்டீஸ் காலம் முழுவதும் நான் சந்தோஷமாக வேலைக்குப் போனேன், பதவி உயர்வுக்குப் பிறகு முதன்முறையாக.

இப்போது வருமானம் முன்பைவிடக் குறைவு, அதுவும் சீராக வராது. வகுப்பு இல்லாத மாதங்களில் இரவில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பதுண்டு. பண்டிகைக்கு முன்னால் அலுவலகம் எப்படிக் கலகலப்பாக இருக்கும் என்பது ஞாபகம் வரும், தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு நிஜமான இழப்பு. ஆனால் வகுப்பில் ஒரு மாணவி, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டதும் "இருங்க, இருங்க, நானே சொல்றேன்" என்று கையைத் தூக்கும்போது, வேறெங்கேயும் இருக்க எனக்குத் தோன்றுவதில்லை.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். நல்ல வேலையில் இருக்கிறார், தச்சு வேலையில் ஆர்வம், இறங்கிவிடலாமா என்று கேட்டார். இறங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போதைய வேலையில் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்று கேட்டேன், யோசிக்காமல் மூன்று பேரைச் சொன்னார். முதலில் அவர்களுக்கு எழுது, அப்புறம் ஒரு நாற்காலியைச் செய்து யாருக்காவது விற்றுப் பார், எத்தனை மணி நேரம் பிடித்தது, மரத்துக்கு எவ்வளவு ஆனது என்று எல்லாவற்றையும் எழுதிவை, அந்தக் கணக்கோடு வா, உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.