வேவர்லி படிக்கட்டு

மார்ச் 9
கடிதம் வரவில்லை.

மார்ச் 10
வேவர்லி ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டில் காற்று ஆளையே தள்ளுகிறது. எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நாவல் பேரை ரயில் நிலையத்துக்கு வைத்த ஊர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ. மேலே வந்து இடப்பக்கம் திரும்பினால் ஸ்காட்டின் நினைவுக் கோபுரம், 61 மீட்டர், கரி பிடித்த கறுப்பு. அதற்குள் வெள்ளைப் பளிங்கில் அந்த மனுஷன், பக்கத்தில் மெய்டா என்கிற நாய். பதினோரு வருஷமாக இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். இன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். கடன்பட்டு நொடிந்தவருக்கு இவ்வளவு பெரிய கோபுரம்.

மார்ச் 12
என் வீட்டுக்காரர் தூங்கவில்லை. நானும்தான்.

மார்ச் 13
நூலகத்திலிருந்து ஸ்காட்டின் நாட்குறிப்பை எடுத்து வந்தேன். 1825 நவம்பர் 20-இல் ஆரம்பிக்கிறார். இரண்டே மாதத்தில் எல்லாம் போகிறது. பதிப்பாளர் கான்ஸ்டபிள் விழ, அச்சகக்காரர் பாலன்டைன் விழ, அந்த அச்சகத்தில் ரகசியப் பங்காளியான ஸ்காட் தலையில் 1,20,000 பவுண்டுக்கும் மேல் விழுகிறது. வயது 54. ஒருவர் கடன் பத்திரத்துக்கு இன்னொருவர் கையெழுத்து, அவர் பத்திரத்துக்கு இவர் கையெழுத்து.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கையெழுத்து. தம்பி கேட்டான் என்று என் வீட்டுக்காரர் போட்டது. அந்தப் பேனா சாமி அலமாரிக்குக் கீழ் டிராயரில் கிடக்கிறது. நீல மூடி, நுனியில் பல் தடம். தூக்கிப் போட மனசு வரவில்லை.

மார்ச் 14
நண்பர் யாரையும் இதில் இழுக்க மாட்டேன், என் வலது கையே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறார் ஸ்காட். இதைக் கொழுந்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று பத்து நிமிஷம் யோசித்தேன். அனுப்பவில்லை.

மார்ச் 17
வலது கை என்னவெல்லாம் செய்திருக்கிறது! ஒன்பது பாகத்தில் நெப்போலியன் வரலாறு. பேரனுக்காக ஸ்காட்லாந்து சரித்திரக் கதைகள். பேய், சூனியம் பற்றி ஒரு புத்தகம். நடுவில் நாவல்கள். 1826 மே மாதம் மனைவி ஷார்லட் சாகிறாள், பேனா அப்போதும் நிற்கவில்லை. இதற்கெல்லாம் முன்னாலேயே நீண்ட காவியங்கள், கவிஞர் டிரைடன் படைப்புகளின் தொகுப்பு மட்டும் 18 பாகம். ஐவன்ஹோ நாவல் ஒன்றோடு இவரை முடித்துவிட்டோமே நாம்.

எல்லாம் நன்றாக இல்லை. நெப்போலியனில் நாற்பது பக்கம் தாண்ட முடியவில்லை. கூலிக்கு அடித்த செங்கல் மாதிரி வரிசை வரிசையாக.

மார்ச் 18
கடிதம் வரவில்லை. மின்கட்டண பில் வந்தது.

மார்ச் 20
'சர்ஜன்ஸ் டாட்டர்' படித்துச் சிரித்துவிட்டேன். 1827-இல் எழுதியது. ஸ்காட்லாந்துக் கிராமத்து டாக்டர் மகளைக் கல்யாணம் என்று ஆசை காட்டிச் சென்னைக்கு வரவழைத்து, திப்புவுக்குக் கொடுக்கப் பார்க்கிறான் ஒருத்தன். கடைசியில் ஹைதர் அலி உத்தரவில் யானை அவனை மிதித்துக் கொல்கிறது. ஆசிரியர் இந்தியா பக்கமே வந்ததில்லை. அந்தச் சென்னையில் வெயில்கூடச் சரியாக அடிக்கவில்லை. ஆனாலும் ஏமாந்து கப்பலேறி வரும் பெண்ணை மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

மார்ச் 22
கல்லாவில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்காட் முகம்தான். 1826-இல் சின்ன நோட்டுகளை ஒழிக்க லண்டன் அரசு கிளம்பியபோது, புனைபெயரில் எதிர்த்து எழுதி ஸ்காட்லாந்தின் ஒரு பவுண்டு நோட்டைக் காப்பாற்றியவர். திவாலான அதே வருஷம்! வரிசையில் நின்ற பாட்டி, கள்ள நோட்டா என்றார்.

மார்ச் 24
அம்மா கும்பகோணத்திலிருந்து. "ஏண்டி, வீட்டை உன் பேருக்கு மாத்திக்கோயேன். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?"

நாணயஸ்தர் ஸ்காட் என்ன செய்தார் தெரியுமா? அபட்ஸ்ஃபோர்ட் மாளிகையை 1825-லேயே, மூத்த மகன் கல்யாணத்தின்போது, அவன் பேருக்கு எழுதிவிட்டார். கடன் கொடுத்தவர்களுக்குக் கைவைக்க வழியில்லை. முன்கூட்டியே தெரிந்து செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். நாவல்களில் பேர் போடாமல் பதின்மூன்று வருஷம், அச்சகத்திலும் பேர் வெளியே தெரியாமல். பேரை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்று தெரிந்த ஆள். என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லையே.

அம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மார்ச் 29
ரயிலில் ட்வீட்பேங்க், அங்கிருந்து நடை. அபட்ஸ்ஃபோர்டின் எழுத்தறையில் மேலே ஒரு மாடம், அதிலிருந்து படுக்கையறைக்கு ஒரு கதவு. விடிவதற்கு முன் யாரையும் எழுப்பாமல் இறங்கி வந்து எழுதலாம். சாப்பாட்டறை ஜன்னலில் ட்வீட் ஆறு தெரிகிறது. 1832 செப்டம்பர் 21, இந்த அறையில்தான் உயிர் போனது. கடன் அப்போதும் முடியவில்லை. மீதியை அடைத்தது புத்தகங்களின் உரிமை. என் வீட்டுக்காரர் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். டிக்கெட் செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 30
கடிதம் வரவில்லை.

ஏப்ரல் 2
ராத்திரி கொழுந்தனார் போன். இவர் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரிடா, அழாதே. சாப்பிட்டியா?" என்றார். நான் கதவோரம் நின்றதில் ரசம் பொங்கி அடுப்பெல்லாம்