மரணசாசனம் எழுதப் போகும் முன்

3 பெப்ரவரி 2025, திங்கள்

ஹரோவிலுள்ள சொலிசிட்டர் அலுவலகத்திலிருந்து எனக்கும் மனைவிக்கும் தனித்தனிப் படிவங்கள் தபாலில் வந்தன. 12ஆம் திகதிச் சந்திப்புக்கு முன் அவற்றை நிரப்பி அனுப்ப வேண்டும். வீடு, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், கடன் என்று நிரப்பிக்கொண்டு போய், வெளிநாட்டுச் சொத்து என்ற இடத்தில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் மூன்று பரப்புக் காணியை எழுதிவிட்டேன். தேநீர் கொண்டுவந்த மனைவி அதை வாசித்துவிட்டு, "அது என்ர சீதனக் காணி எல்லோ, நீங்கள் என்னெண்டு எழுதுவீங்கள்?" என்று கேட்டாள். இத்தனை வருடமும் வேலி அடைக்கக் காசு அனுப்பியவன் நான் என்பதால், அது யாருடைய காணி என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. வெட்டிவிட்டேன்.

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

அலுமாரியின் மேலிருந்த பழைய சூட்கேசை இறக்கி, பொலித்தீன் பையில் சுற்றியிருந்த சீதன உறுதிப் பத்திரத்தை எடுத்தோம். மடிப்புகளில் காகிதம் கிழியத் தொடங்கியிருக்கிறது. அதனுடன், 2017இல் ஊருக்குப் போனபோது நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் மனைவி எழுதிய மரணசாசனமும் இருந்தது. காணியை மகளுக்கு எழுதியிருக்கிறாள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவள் அந்தக் காணியை விற்பதென்றால் என்னுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், ஆனால் மரணசாசனம் எழுத என் சம்மதம் தேவையே இல்லை என்று அன்று நொத்தாரிசு விளக்கியதை அவள் இன்று மறக்காமல் நினைவூட்டினாள்.

12 பெப்ரவரி 2025, புதன்

மகள்தான் காரில் கூட்டிச் சென்றாள். கூடவே உள்ளே வரப் பார்த்தவளை, வெளியே இருக்கும்படி சொலிசிட்டர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பெற்றோரை நெருக்கி எழுத வைத்தார்கள் என்று பின்னாளில் எவரும் வழக்குப் பேசாமல் இருப்பதற்காகவே இந்த வழக்கம் என்றார். மகளுக்கு முகம் சற்று வாடியது. எனக்கோ அந்தப் பெண்மணி மீது நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்துக்கான வரிப் பேச்சு விரைவில் முடிந்தது. ஒருவருக்கு 3,25,000 பவுண் வரை வரியில்லை, வீடு பிள்ளைகளுக்குப் போனால் மேலும் 1,75,000, முதலில் இறப்பவர் பயன்படுத்தாத பங்கு மற்றவருக்குச் சேரும் என்ற கணக்கில், எங்களுடைய சொத்து எல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

வீட்டைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினோம். அது இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவாகியிருப்பதால், நான் மரணசாசனத்தில் என்ன எழுதினாலும் வீடு முழுவதும் நேரே மனைவிக்கே போகும். என் பாதியைப் பிள்ளைகளுக்கு எழுத வேண்டுமானால் முதலில் கூட்டுரிமையைப் பிரித்துப் பதிய வேண்டும். பிரிக்காமல் விட்டு, எஞ்சியவர் மறுமணம் செய்தால், இங்கிலாந்துச் சட்டப்படி அவருடைய பழைய மரணசாசனம் செல்லாமல் போய்விடும் என்றும் சொன்னார். "இந்த வயதிலயோ?" என்று மனைவி சிரித்தாள். ஆயினும், பிரித்துவிடுங்கள் என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

புறப்படும் நேரத்தில்தான் யாழ்ப்பாணத்து மரணசாசனத்தை மேசையில் வைத்தோம். அவர் பேனையை மூடியவர் மறுபடி திறந்தார். முன்னர் எழுதிய அனைத்தையும் இதனால் இரத்துச் செய்கிறேன் என்ற வரியோடுதான் இங்கே வழமையாகத் தொடங்குவார்களாம்; நாங்கள் வாய் திறவாமல் இருந்திருந்தால், மகளுக்கு எழுதிய காணியை லண்டனில் போடும் கையெழுத்து ஓசையின்றி அழித்திருக்கும். படிவத்தில் அந்தக் கேள்வி ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருந்ததை வீடு வந்த பின்பே பார்த்தேன்.

20 பெப்ரவரி 2025, வியாழன்

வரைவுகள் வந்தன, பென்சிலுடன் உட்கார்ந்து வாசித்தோம். மனைவியினுடையதில், இலங்கையிலுள்ள அசையாச் சொத்து பற்றிய மரணசாசனம் தவிர, என்ற சொற்கள் இரத்து வரியில் சேர்ந்திருக்கின்றன. பெயர்தான் சரியில்லை. உறுதியில் தகப்பன் பெயரோடும் கடவுச்சீட்டில் என் பெயரோடும் இருப்பவள் ஒருத்தியே என்று காட்ட, இரண்டையும் எழுதும்படி திருப்பி அனுப்பினேன்.

கையெழுத்து அடுத்த வியாழன். சாட்சிக்கு வருவதாக மருமகன் ஆசையோடு சொன்னார். சொத்துப் பெறுபவரின் கணவரோ மனைவியோ சாட்சிக் கையெழுத்திட்டால் அந்தப் பெறுபவரின் பங்கே செல்லாது என்று விளக்க வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் வேலை செய்யும் இருவர் சாட்சி நிற்பார்கள். மருமகன் கார் ஓட்டுவார்.